விளக்கெண்ணெய் ஊற்றிய சீர்வண்டி

விளக்கெண்ணெயைத் தானாகக் கேட்டு வாங்கிய குழந்தை எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். மற்ற வீடுகளில் அந்த பாட்டில் வெளியே வந்தாலே பிள்ளைகள் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுவார்கள். முழுப்பரீட்சை லீவு விட்டதும் வயிறு சுத்தமாகட்டும் என்று ஆளுக்கொரு கரண்டி வாயில் ஊற்றுவது அன்றைய அம்மாக்களின் வழக்கம். நானும் அப்படி ஓடியவள்தான். அப்படிப்பட்டவள் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று கால் டம்ளர் விளக்கெண்ணெய் வேண்டும் என்று கேட்டதும், அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. எண்ணெய் எனக்கில்லை, காருக்கு என்றேன். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் வீடு திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாடியில் ஒரு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அந்த வருஷம் வந்து தங்கியவர் ஒரு ஜெர்மன்காரர். உலகத்துப் பற்றையெல்லாம் விட வந்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாராம். காலையில் ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சாயங்காலமானால் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு காய்ந்துகிடக்கும் ஏரிக்குப் போய் ரிமோட் கார் ஓட்டுவார். நானும் பின்னாலேயே போய்விடுவேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று, மிச்சமிருந்த ஒரே பற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ, அந்தக் காரை ரிமோட், பாட்டரி, சார்ஜர் எல்லாவற்றோடும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் விட்டது என்னைப் பிடித்துக்கொண்டது.

கார் கிட்டத்தட்ட முழங்கை நீளம் இருக்கும். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போயிருந்தவை ஷாக் அப்சார்பர்கள். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மேலே இருக்குமே, அதன் குட்டிகள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. ஒரு சின்னக் குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஓட்டை போட்ட ஒரு வில்லை, வெளியே சுற்றி ஒரு ஸ்பிரிங். அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெய் மெதுவாக நகர்வதால்தான் குலுக்கல் அடங்கும். ஏரிக் கல்லில் குதித்துக் குதித்து நான்கும் நாசமாகியிருந்தன. ஒன்றில் கம்பி வளைந்திருந்தது. ஒன்றில் ஸ்பிரிங்கே இல்லை. வில்லைகள் நான்கும் நொறுங்கியிருந்தன. எண்ணெய் எல்லாவற்றிலும் ஒழுகியது. சின்னக் கூழாங்கல் பட்டாலும் கார் தவளை போலத் துள்ளி மல்லாந்து விழுந்தது. மாற்றுச் சாமான் தன் ஊரில் எல்லாத் தெருவிலும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர். அந்தத் தெருவுக்கு நான் எந்த பஸ் ஏறுவது?

மாமாவிடம்தான் போனேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சுற்றுவட்டாரக் கிராமக் கடைகளுக்கு விதைப் பாக்கெட் போடுகிற வேலை. அவருடைய மொபெட் வாரம் ஒருமுறை எங்காவது நின்றுவிடும் என்பதால், திருவண்ணாமலையில் அவருக்குத் தெரியாத மெக்கானிக் கடை கிடையாது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம் புது வீடு கட்டிக் குடியிருந்தார். என் அப்பா வேலை பார்த்ததும் அதே கலெக்டர் ஆபீஸில்தான். கூப்பிடு தூரம். இருந்தும் அப்பா அந்த வீட்டுப் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ்ஸில் போகும்போதுகூட மாமா வீடு தெரிகிற பக்கத்து ஜன்னலில் உட்காரமாட்டார் என்று அம்மா சொல்வாள்.

காரணம் ஒரு பந்தி. மாமா வீட்டு கிரகப்பிரவேசத்தன்று, வீட்டு மாப்பிள்ளையான அப்பாவை முதல் பந்தியில் உட்காரவைக்க யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. அப்பா கை கழுவிவிட்டு வந்து பார்த்தார், இலையெல்லாம் நிறைந்திருந்தது. சாப்பிடாமலே பஸ் ஏறி வந்துவிட்டார். மறுநாள் மாமா சமாதானம் பேசத்தான் வந்தார். வந்தவர், "அங்க என்ன பஸ்ஸா, துண்டு போட்டு எடம் புடிச்சி வெக்கிறதுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தார். பேச்சு தடித்தது. இனிமேல் இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றார் மாமா. மிதிக்காதீங்க என்றார் அப்பா. அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் தாங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நகையைப் போலப் பூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சண்டை செல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போவாள். சொல்லிவிட்டுத்தான் போவாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயில் ஜாஸ்தியா இருக்குது, கொடை எடுத்துனு போ" என்பார்.

அப்படிப் போன ஞாயிறுகளில்தான் என் வேட்டை நடந்தது. வளைந்த கம்பிக்குப் பதிலாக மொபெட் சக்கரத்துக் கம்பி கிடைத்தது. அதே பருமன், நுனியில் திருகுவதற்கு மரையும் தயாராக இருந்தது. எண்ணெய் ஒழுகாமல் கம்பியைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய ரப்பர் வளையங்களுக்கு, சைக்கிள் கடையில் வால்டியூப் என்கிற மெல்லிய ரப்பர்க் குழாயை வாங்கி பிளேடால் வெண்டைக்காய் நறுக்குவதுபோல நறுக்கினேன். தொலைந்த ஸ்பிரிங்குக்கு ஒரு பழைய டார்ச்சை உடைத்தேன்.

வில்லைகள்தான் படுத்தின. தகரத்தை வெட்டிப் பார்த்தேன், குழாயைக் கீறியது. பிளாஸ்டிக் மூடியை வெட்டிப் பார்த்தேன், வட்டம் வரவில்லை. ஒருநாள் கொடியில் அப்பாவின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. விசேஷங்களுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. அதன் பட்டன்களைப் பார்த்தேன். வட்டம், வழவழப்பு, நடுவில் அழகாக நான்கு ஓட்டை. இதைவிட நல்ல வில்லையை ஜெர்மனியில்கூடச் செய்திருக்கமாட்டார்கள். நான்கைக் கழற்றித் துணி துவைக்கிற கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். இதற்காக எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அந்தச் சட்டைக்கு அதைவிடப் பெரிய பெருமை வேறெங்கே கிடைத்திருக்கும்?

தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி மூடினேன். கார் ஓடியது. துள்ளாமல், கவிழாமல், தெருவில் கிடந்த மண்ணிலும் கல்லிலும் ஓடியது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷம் தொண்டைவரை நிறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு மொட்டையடித்துக் காதுகுத்த நாள் குறித்தார்கள். அடி அண்ணாமலைக் கோயிலில் வைத்துச் செய்வதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். கோயிலில் மாமா மடி கொடுப்பதற்குத் தடையில்லை, கோயில் வாசற்படி பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சிக்கல் அதற்கு முந்தைய சடங்கில் இருந்தது. காலையில் தாய்மாமன் சீர்த்தட்டோடு தங்கை வீட்டுக்கு வரவேண்டும். தட்டுகள் பல இருக்கும், மற்றவற்றை யார் வேண்டுமானாலும் ஏந்தலாம். தேங்காயும் தோடும் வைத்த முதல் தட்டை மட்டும் தாய்மாமனே கொண்டுவந்து விளக்குக்கு முன்னால் வைக்கவேண்டும். தங்கை அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்புவார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம்.

அம்மா எல்லா வழியும் யோசித்துப் பார்த்தாள். மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், அவள் கையில் அந்தத் தட்டைக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டாள். "ஆள் விட்டு அனுப்புனா அதுக்குப் பேரு சீர் இல்ல, பார்சல்" என்றார் அப்பா. அண்ணன் தெருவில் நிற்கட்டும், நான் படியிறங்கிப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். தெருவில் நின்று வாங்க நாம் என்ன பிச்சையா கேட்கிறோம் என்றார். இந்த இரண்டுக்கும் மாமாவின் பதிலும் ஏறக்குறைய இதேதான் என்பது வேடிக்கை. பந்தியில் சேராத இரண்டு பேரும் வழக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. காதுகுத்துக்குக் கட்டவென்று வெளியே எடுத்து வைத்திருந்த அரக்குப் புடவையை, அவள் கல்யாணத்துக்கு மாமா எடுத்துக்கொடுத்தது அது, மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து மூடினாள். சீர் வரவில்லையென்றால் காதும் குத்தவேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். மூடிய பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், எனக்கு அப்பாமேலும் மாமாமேலும் ஒரே அளவு கோபம் வந்தது.

மறுநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் நேராகவே கேட்டேன். மாமா கால் வைக்காமல், ஆனால் மாமா கையாலேயே சீர் உள்ளே வந்தால் சரியா? அப்பா என்னைப் பார்த்தார். கதவோரத்தில் கிடந்த காரைப் பார்த்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நடுவுல ஆள் தொடாம, அவரு கையால, படி தாண்டி வந்தா நான் எதுக்கு வேணாங்கப்போறேன்" என்றார். கால் இல்லாமல் கொண்டுவருவதற்கு அண்ணன் என்ன பேயா என்று அம்மா முணுமுணுத்தாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமாவிடம் சொன்னேன். தட்டைக் காரின்மேல் கட்டிவிடலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று மாமா ஓட்டலாம். ரிமோட் மாமா கையில் இருக்கும், எனவே சீரும் மாமா கையால் வந்ததாகத்தான் ஆகும். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தேங்காய கார்ல ஏத்தி அனுப்பறதா? ஊரே சிரிக்கும் கண்ணு."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ரெண்டு வருஷமா ஊரு சிரிச்சினுதான் இருக்குது. இன்னும் ஒருநாள் சிரிக்கட்டும்."

மாமாவின் சிரிப்பு நின்றது. மோவாயைத் தடவினார். பிறகு, "எங்க, அந்த ரிமோட்ட குடு" என்றார்.

மாமாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது என் வாழ்க்கையின் மிகப்பெரிய பொறுமைச் சோதனை. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திருப்புவதற்கு. கார் வலப்பக்கம் போகவேண்டுமென்றால் மாமா குச்சியைத் தள்ளுவதோடு தானும் வலப்பக்கம் சாய்வார். வேலியில் முட்டப்போனால் மாட்டை அதட்டுவதுபோல ஹேய் ஹேய் என்பார். கார் நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்பதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. நல்லவேளையாகச் சீர் போகவேண்டிய பாதை ஒரே பக்கம்தான்.

ஓரளவு கை பழகியதும் ஒரு பித்தளைத் தட்டைக் கட்டி, வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் வைத்து வேங்கிக்கால் தெருவில் ஒத்திகை பார்த்தோம். கார் பத்தடி போனது. பாரம் தாங்காமல் வயிறு தரையில் தட்டியது. அதோடு போகாமல் இடதுபக்க ஷாக் இரண்டும் அமுங்கினபடியே சிக்கிக்கொண்டன. வண்டி ஒருக்களித்துச் சாய, தேங்காய் உருண்டு நேரே சாக்கடைக்குள் போய் விழுந்தது. மாமா தலையில் கையை வைத்தார். சீர்த்தேங்காய் சாக்கடையில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குக் கவலை. இது ஒத்திகைத் தேங்காய், இதற்கு அர்த்தம் கிடையாது என்றாள் அத்தை. ஆனாலும் அன்று மாமா ரிமோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆவாது கண்ணு. வுட்டுடு" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் ஷாக்கைப் பிரித்துப் பார்த்தேன். வால்டியூப் வளையங்கள் மெஷின் எண்ணெயைக் குடித்து, ஊறின கொண்டைக்கடலைபோல உப்பிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்படியானால் ரப்பர் குடிக்காத எண்ணெய் வேண்டும். வீட்டிலிருந்த எண்ணெய்களை ஒவ்வொரு சோடா மூடியில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வளையத்தைப் போட்டு, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய், மண்ணெண்ணெய், சாமி விளக்கிலிருந்து எடுத்த நாலு சொட்டு விளக்கெண்ணெய். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எல்லா மூடியிலும் வளையம் தொளதொளவென்று உப்பிக் கிடந்தது. விளக்கெண்ணெயில் கிடந்தது மட்டும் போட்டபடியே இருந்தது. என் வயிற்றை அவ்வளவு வருஷம் கலக்கிய அந்த எண்ணெய், ரப்பரிடம் மட்டும் தன் வேலையைக் காட்டவில்லை.

அப்போதுதான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

விளக்கெண்ணெயில் இன்னொரு லாபமும் இருந்தது. அது கெட்டி. பட்டன் ஓட்டைகள் வழியாக அது நகர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு கிழவர் மாடிப்படி ஏறிவிடலாம். பாரம் சுமக்கும் வண்டிக்கு அந்த நிதானம்தான் தேவை. ஆனால் ஊற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளும் அதே நிதானத்தோடுதான் மேலே வந்தன. குழாய்களை மூடியில்லாமல் அரிசி நிரப்பிய அளவுப் படிக்குள் செங்குத்தாக நட்டுவைத்து ஒரு ராத்திரி காத்திருந்தேன். அந்த அரிசி மறுநாள் உலைக்குப் போனதும், வீட்டில் எல்லோரும் அன்று கொல்லைப்பக்கம் கொஞ்சம் அதிகமாக நடமாடியதும் தனிக்கதை.

ஸ்பிரிங்குக்கு அத்தைதான் மாமாவை என்னோடு விரட்டி அனுப்பினாள். வேலூர் ரோட்டில் மாமா வழக்கமாகப் போகும் மெக்கானிக் கடையில், பழைய மொபெட் கார்புரேட்டர்களிலிருந்து கழற்றிப்போட்ட ஸ்பிரிங்குகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எந்த வண்டிக்கு என்று கேட்டார் கடைக்காரர். சொன்னால் சிரிப்பீங்க என்றார் மாமா. நான் டப்பாவைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக நிறுத்தி, மேலே தண்ணீர் நிறைந்த சொம்பை வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று தீக்குச்சியால் அளந்தேன். ஒரே மாதிரி அமுங்கிய நான்கு கிடைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்குத் தட்டில் தேங்காயோடு ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீரும் வைத்தேன். மாமா குச்சியைத் தள்ளினார். கார் சல்லிக்கற்கள்மேல் ஏறியது. சக்கரங்கள் ஏறி இறங்கின, தட்டு மட்டும் கைக்குழந்தையை ஏந்தினதுபோல அசங்காமல் போனது. தெருமுனைவரை போய் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். டம்ளரைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாமா என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அண்ணாமலை உச்சியில் நிற்பதுபோல இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே கவலை, எங்கள் வீட்டு வாசற்படி. மாமா வீட்டுப் படி தட்டையானது. எங்கள் படி ஒரு சாண் உயரக் கருங்கல். பலகை சாய்த்துப் பார்த்தேன், சரிவு அதிகமாகித் தேங்காய் பின்னால் உருண்டது. நான் அந்தப் படியைச் சாணால் அளந்துகொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து அப்பா வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே என்ன அளக்கிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸில் பேனா பிடித்த கைக்குக் கொத்தனார் கரணை பிடிக்க வரவில்லை, முகமெல்லாம் சாம்பல் நிறம். அம்மா என்ன இது என்று கேட்டாள். "நாளைக்கே ஒரு ஸ்கூட்டர் வாங்குனா உள்ள ஏத்தணுமில்ல" என்றார். எங்கள் வீட்டில் அப்போது சைக்கிள்கூட இல்லை. அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். படியை முழுக்க மூடி, தெருவரை இறங்குகிற ஒரு சரிவு மேடை எழும்பியது. அப்பா அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியே பார்த்துக் கொடுத்த அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஒரு குறை மட்டும் பட்டது. என் காருக்கு இரண்டு சாண் அகலம் போதும். அப்பா படியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூசியிருந்தார். சிக்கனமே தெரியாதவர் என்று மனதுக்குள் திட்டினேன்.

காதுகுத்து அன்று தெருவே வெளியில் நின்றது. மாமா பட்டுக்கரை வேட்டியும் கையில் ரிமோட்டுமாக எதிர்ச்சாரியில் நின்றார். பின்னால் அத்தையும் உறவுக்காரர்களும் மற்றத் தட்டுகளோடு நின்றார்கள். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இதுவும் ஒரு சாமி புறப்பாடு என்று நினைத்துக் காரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எங்கள் வாசலில் அம்மா நின்றாள், அரக்குப் புடவையில். அவளுக்குப் பக்கத்தில் அப்பா, அந்த வெள்ளைச் சட்டையில். சட்டையில் நான்கு பட்டன்கள் மட்டும் காப்பி நிறத்தில் இருந்தன. நான் அவர் கண்ணில் படாமல் தள்ளி நின்றுகொண்டேன்.

மாமா தட்டைத் தன் கையால் காரின்மேல் வைத்தார். நான் கட்டைச் சரிபார்த்துவிட்டு விலகினேன். இனி யாரும் தொடக்கூடாது.

கார் கிளம்பியது. தார் பெயர்ந்த பள்ளத்தில் இறங்கி ஏறியது. தேங்காய் லேசாகத் தலையாட்டிவிட்டு அமைதியானது. வாழைப்பழ வாசனைக்கு ஒரு நாய் கூடவே நடந்து வந்தது. மாமா பழக்கதோஷத்தில் ஹேய் என்றார், நாய் ஒதுங்கியது. சாக்கடைக் கல்லில் முன்சக்கரம் தட்டியபோது எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஷாக் நான்கும் அமுங்கின, நிதானமாக எழுந்தன. கார் சரிவில் ஏறத் தொடங்கி, பாதியில் நின்றது. நின்றதோடு கொஞ்சம் பின்னால் நழுவியது.  பயத்தில் மாமா விரலைத் தளர்த்திவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"பயப்படாம அழுத்துங்க மாமா."

அழுத்தினார். கார் ஏறியது. அப்பா ஒதுங்கி வழிவிட்டார். கார் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, குத்துவிளக்குக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. தேங்காய் தேங்காயின் இடத்தில் இருந்தது. தோடு தோட்டின் இடத்தில் இருந்தது. அம்மா குனிந்து கட்டை அவிழ்த்துத் தட்டை எடுத்தாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். நான் குதித்த குதியில் என் பின்னல் அவிழ்ந்துவிட்டது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவுக்குக் கேட்கிறமாதிரி சொன்னார்.

"மச்சான், உள்ள வந்த வண்டிய வெளிய எடுக்க எனக்குத் தெரியாது. ஓட்டினு வந்தவருதான் வந்து எடுக்கணும்."

மாமா எங்கள் வாசலைப் பார்த்தார். சிமெண்ட் சரிவை மேலிருந்து கீழ்வரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரிமோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். தெருவைக் கடந்து, அந்தச் சரிவில் ஏறி, வீட்டுக்குள் வந்தார்.

தம்பி காதுகுத்தும்போது மாமாவின் கையைக் கடித்தான். கோயிலிலிருந்து திரும்பியதும், முதல் பந்தி, முதல் இலை. அப்பா மாமாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் இதே கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விளக்கெண்ணெயையும் என் ஷாக் அப்சார்பர்களையும் பார்த்து மலைத்துப்போய், மாமா தன் சபதத்தையே உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார் என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். பல வருஷங்கள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சரிவால் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பலன்தான். மழை பெய்தால் தெருத்தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வரும். கல்யாணமாகி ஒரு ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவோடு சேர்ந்து தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டே, இந்தச் சனியனை உடைத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத ஒடச்சா அடியில படி வந்துடுமே. அப்புறம் உங்க மாமா எப்புடி வருவாரு?"

நான் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சரிவைப் பார்த்தேன். அன்று மாமா எந்தச் சபதத்தையும் உடைக்கவில்லை. மிதிப்பதற்கு அங்கே படியே இருக்கவில்லை. அப்பாவும் தன் வாயால் வாங்க என்று சொல்லவில்லை.

உள்ளே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்கூட்டரை அவர் கடைசிவரை வாங்கவே இல்லை.